பாலைவனத்தில் பல நாள் அல்ட்ரா மாரத்தான்: சிங்கப்பூர்த் தமிழ் ஓட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டிசம்பர் மாதத்தில் நடக்கும் சிங்கப்பூர் மாரத்தானை ஓரிரு முறை ஓடி முடித்தவர்கள் அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கும்போது, சஹாராவையோ கோபியையோ கடக்கும் பந்தயங்களின் பேச்சு எப்படியாவது வந்துவிடுகிறது. வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையில் நேரம் ஒதுக்கி, முதன்முறையாக ஒரு பாலைவனத்தைக் காலால் கடந்து முடிக்க விரும்புபவர்களை மனத்தில் வைத்தே இந்த விடைகள் எழுதப்பட்டுள்ளன. பரிசுக்காக ஓடுபவர்களுக்குப் பயிற்சியாளர்கள் இருப்பார்கள்.

பல நாள் பாலைவன அல்ட்ரா மாரத்தான் என்றால் சரியாக என்ன?

42.195 கிலோமீட்டருக்கு மேற்பட்ட எந்த ஓட்டமும் அல்ட்ரா மாரத்தான்தான். பல நாள் பந்தயத்தில் மொத்தத் தூரம், பெரும்பாலும் 250 கிலோமீட்டர், ஐந்தாறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு ஏழு நாள்களில் ஓடப்படுகிறது. சாதாரணக் கட்டம் 30 முதல் 40 கிலோமீட்டர் வரை இருக்கும். நான்காம் நாளிலோ ஐந்தாம் நாளிலோ 80 கிலோமீட்டர் அளவிலான நெடுங்கட்டம் ஒன்று வரும், அது பலருக்கு இரவைத் தாண்டி மறுநாள் காலைவரை நீளும். ஏற்பாட்டாளர்கள் தருவது குடிநீர், கூடாரம், மருத்துவ உதவி ஆகியவை மட்டுமே. உணவு, படுக்கை, உடை, மருந்துப் பொருள்கள் அனைத்தையும் ஓட்டக்காரரே முதல் நாள் முதல் கடைசி நாள் வரை முதுகில் சுமக்க வேண்டும்.

இந்த வகைப் பந்தயத்துக்கு வழிகாட்டி, மொரோக்கோவில் நடக்கும் மாரத்தான் தே சாப்லே. பிரான்சைச் சேர்ந்த பட்ரிக் பாவே 1984-இல் அல்ஜீரியச் சஹாராவில் ஏறத்தாழ 350 கிலோமீட்டரைத் தனியாகப் பன்னிரண்டு நாள்களில் நடந்து கடந்தார். அந்த நடையிலிருந்து பிறந்த பந்தயம் 1986-இல் 23 பேருடன் தொடங்கியது. இன்று ஒவ்வொரு முறையும் பல நூறு பேர் பங்கேற்கிறார்கள்.

வேறு எங்கெல்லாம் நடக்கிறது? முதல் முறைக்கு எது பொருத்தம்?

ஹாங்காங்கைத் தளமாகக் கொண்ட ரேசிங் தி பிளானட் நிறுவனம் கோபி, சிலியின் அத்தகாமா, நமீபியா ஆகிய இடங்களில் இதே அமைப்பில் பந்தயங்களை நடத்துகிறது. அதன் கோபி பந்தயம் 2003-இல் சீனாவில் தொடங்கிப் பின்னர் மங்கோலியாவுக்கு மாறியது. தென்னாப்பிரிக்காவின் கலஹாரியிலும் 250 கிலோமீட்டர் பந்தயம் ஒன்று நடந்து வருகிறது. கலிஃபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் ஜூலை மாதம் நடக்கும் பேட்வாட்டர் பந்தயத்தையும் பலர் இதனோடு சேர்த்துக் கேட்கிறார்கள். ஆனால் அது 217 கிலோமீட்டரை ஒரே மூச்சில் கடப்பது, கூடவே வாகனத்தில் உதவிக்குழு வரும். அதன் கடுமையே வேறு.

சிங்கப்பூரிலிருந்து போகிறவர்களுக்கு முதல் பந்தயமாக மங்கோலியாவையே நான் பரிந்துரைப்பேன். பயணத் தொலைவும் நேர வேறுபாடும் குறைவு, பாதையில் புல்வெளியும் மணலும் மாறிமாறி வரும். அத்தகாமா 2,400 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருப்பதால், கடல்மட்டத்தில் வாழும் நமக்கு வெப்பத்தோடு மெல்லிய காற்றும் சேர்ந்துகொள்கிறது. மொரோக்கோவின் ஈர்ப்பு எதிலும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஈர்ப்பு ஒன்றையே காரணமாகக் கொண்டு முதல் பந்தயத்தைத் தேர்ந்தெடுப்பது அவ்வளவு நல்லதன்று.

எல்லா இடத்திலும் மணல்மேடுகள்தானா?

இல்லை. சங்கப் பாடல்கள் காட்டும் பாலைவழி பரற்கற்களும் காய்ந்த குன்றுகளும் நிறைந்தது. பந்தயப் பாதைகளில் பெரும்பகுதியும் அப்படித்தான் இருக்கிறது. கல் பரவிய சமவெளி, வறண்ட ஆற்றுப்படுகை, உப்புப் படிந்த தரை, பாறைக் கணவாய் ஆகியவற்றுக்கு நடுவே மணல்மேடுகள் வந்து போகும். வரும்போது அவை தங்கள் விலையை வாங்காமல் விடுவதில்லை. இளகிய மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையைவிட ஏறத்தாழ 1.6 மடங்கும், நடப்பதற்கு இரண்டு மடங்குக்கு மேலும் ஆற்றல் தேவை என்று அளந்திருக்கிறார்கள். மேட்டின் கூரிய முகட்டை ஒட்டியோ, முன்னால் சென்றவரின் காலடித் தடத்திலோ காலை வைத்தால் சற்று மிச்சமாகும்.

சிங்கப்பூர் வெயிலில் வளர்ந்தவர்களுக்குப் பாலைவன வெப்பம் பெரிய பொருட்டா?

இங்கே பாதி நன்மையும் பாதி ஏமாற்றமும் இருக்கின்றன. வெப்பத்தில் தொடர்ந்து ஒன்று முதல் இரண்டு வாரம் பயிற்சி செய்தால் உடல் அதற்குப் பழகுகிறது: இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் சுரக்கிறது, அதில் உப்பு குறைகிறது. ஐரோப்பிய ஓட்டக்காரர்கள் இதற்காகச் சூடேற்றிய அறைகளுக்குள் ஓட, நமக்கு வாசலைத் தாண்டினாலே போதும். ஆனால் குளிரூட்டிய அலுவலகம், குளிரூட்டிய எம்ஆர்டி, குளிரூட்டிய படுக்கையறை, விடியற்காலை ஐந்து மணிக்கு ஓட்டம் என்று வாழ்கிறவர் முகவரியால் மட்டுமே வெப்பமண்டலத்தவர். பந்தயத்துக்கு முந்தைய மூன்று வாரங்களிலாவது நண்பகலுக்குப் பின் நடையும் மெதுவான ஓட்டமும் இருக்க வேண்டும். பழக்கத்தை விட்டுவிட்டால் பெற்ற பயன் சில வாரங்களிலேயே கரைந்துபோகும் என்பதால், அதைக் கடைசிவரை தொடர்வது முக்கியம்.

ஏமாற்றம் எங்கே என்றால், இரண்டு வெப்பங்களும் ஒன்றல்ல. இங்குப் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ். அது 1983-இலும் 2023-இலும் பதிவானது. சஹாராவில் நண்பகலில் 45-ஐத் தாண்டுவதும் 50-ஐத் தொடுவதும் உண்டு. மாறாக, நம் காற்றில் ஈரம் மிகுதி. அடுக்குமாடியின் மூங்கில் கழியில் காயப்போட்ட துணி மழைக்காலத்தில் மாலைவரை ஈரமாகவே தொங்குவதைப்போல, நம் தோலிலிருந்தும் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது, சட்டை நனைகிறது, எவ்வளவு நீரை இழக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. பாலைவனத்தில் வியர்வை தோன்றிய கணமே ஆவியாகிவிடும். உடல் நன்றாகக் குளிர்கிறது, சட்டை காய்ந்தே இருக்கிறது, அதனால் வியர்க்கவே இல்லை என்று எண்ணிக்கொண்டு குடிக்காமல் விடுகிறவர்கள் மாலையில் மருத்துவக் கூடாரத்துக்குப் போகிறார்கள். வெள்ளை உப்புக்கோடுகள் சட்டையில் படிந்திருப்பதும், சிறுநீரின் நிறமும் அளவுமே அங்கு நம்பத்தக்க அடையாளங்கள்.

இன்னொன்று, வெயிலைத் தடுக்கும் உடை. இங்கே கையில்லாச் சட்டையும் குட்டைக் காற்சட்டையும் வசதி. அங்கே நேரடி வெயில்தான் எதிரி என்பதால் வெளிர்நிற முழுக்கைச் சட்டை, பிடரியை மூடும் துணியுள்ள தொப்பி, பக்கங்களை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி ஆகியவை வேண்டும்.

முழுத் தூரத்தையும் ஓட முடியுமா என்பதே சந்தேகமாக இருக்கிறது. நடந்தால் தகுதி நீக்கம் செய்துவிடுவார்களா?

மாட்டார்கள். முன்வரிசையில் உள்ள சிலரைத் தவிர எல்லோரும் கணிசமான தூரத்தை நடந்தே கடக்கிறார்கள். பின்வரிசையினரில் பலர் பந்தயம் முழுவதையும் விறுவிறு நடையால் முடிக்கிறார்கள். மொரோக்கோவில் கூட்டத்தின் கடைசியில் ஒட்டகங்கள் நடந்து வரும், அவை உங்களைத் தாண்டிச் சென்றால்தான் நேரம் முடிந்தது என்று பொருள். ஓட்டம் என்ற பெயர் இருந்தாலும் இது அடிப்படையில் சுமையும் பாதமும் நடையும் சார்ந்த காரியம் என்பதை ஏற்றுக்கொள்கிறவருக்கே இது எளிதாகிறது. மூன்று மணி நேரத்தில் மாரத்தான் முடிக்கும் ஒருவர் முதல் நாள் மதியமே வேகம் காட்டிக் கால்களைக் கெடுத்துக்கொண்டு விலகுவதும், ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்பவர் பதக்கத்தோடு திரும்புவதும் இந்தப் பந்தயங்களில் அரிய காட்சியன்று. ஆகவே நடையைத் தனியாகப் பழக வேண்டும். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில், முதுகுச் சுமையோடு, பல மணி நேரம் தொடர்ந்து நடப்பது பழகாத உடலுக்கு ஓட்டத்தைவிடக் கடினம்.

மலையும் மணலும் இல்லாத இந்தத் தீவில் எப்படிப் பயிற்சி செய்வது?

நம் மிக உயர்ந்த குன்றான புக்கிட் தீமா 163 மீட்டர்தான். அதையே பத்து முறை ஏறி இறங்கினால் நல்ல ஏற்றப் பயிற்சி ஆகிவிடும். அங்குக் கூட்டம் குறைந்த வார நாள் காலை அதற்கு ஏற்றது. வீவக அடுக்குமாடிகளின் படிக்கட்டுகளும் உதவும், அண்டை வீட்டார் கதவருகே மூச்சிரைத்துக்கொண்டு நிற்காதவரை. இறங்கும்போது மின்தூக்கியைப் பயன்படுத்தாமல் படியிலேயே இறங்குங்கள். தொடைத் தசைகளைக் கிழிப்பது இறக்கம்தான், பழக வேண்டியதும் அதுதான்.

தூரத்துக்குப் பழைய ரயில் தடம் நல்ல இடம். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நோக்கி 24 கிலோமீட்டர் நீளும் அந்தப் பாதையில் போக்குவரத்து விளக்குகளின் தொல்லை குறைவு. போய்வந்தால் ஏறத்தாழ நெடுங்கட்டத்தின் பாதிக்கும் மேல் ஆகிவிடுகிறது. மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள காட்டுப்பாதை வேரும் கல்லுமாக இருப்பதால் கணுக்காலுக்குப் பலம் தரும். மணலுக்கு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவும் சாங்கிக் கடற்கரையும் செந்தோசாவும் இருக்கின்றன. அலை தொடும் ஈர மணல் கெட்டியானது, அதனால் பயன் குறைவு. கரையோரத்தில் காய்ந்து கிடக்கும் இளகிய பட்டையில்தான் நடக்க வேண்டும். வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். தொடக்கத்திலேயே அதிகம் செய்தால் குதிகால் தசைநார் பாதிக்கப்படும்.

ஒரே நாளில் மிக நீண்ட ஓட்டத்தை ஓடுவதைவிட, சனி ஞாயிறு இரண்டு நாள்களிலும் அடுத்தடுத்து ஓடுவது இங்கே பயன்தரும். சனிக்கிழமை 30 கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை சோர்ந்த காலோடு 25 கிலோமீட்டர் என்ற அளவுக்கு ஆறேழு மாதங்களில் படிப்படியாக வந்துவிடலாம். முதுகுப்பையை முதலில் 2 கிலோவில் தொடங்கி மாதந்தோறும் கூட்டுங்கள். பந்தயத்தில் சுமக்கப்போகும் முழு எடையுடன் ஓடும் பயிற்சி மூன்று நான்கு முறைக்கு மேல் தேவையில்லை, அதற்கு மேல் சென்றால் முதுகுதான் பாழாகும். தோளிலும் இடுப்பிலும் பை எங்கே உரசிப் புண்ணாக்குகிறது என்பதை அந்தச் சில முறைகளில் கண்டுபிடித்துவிட வேண்டும். சிங்கப்பூரின் ஈரத்தில் உரசாத பை வறண்ட இடத்தில் பெரும்பாலும் உரசாது.

பிற்பகல் பயிற்சியில் இடி மின்னலுக்கு மதிப்புக் கொடுங்கள். உலகில் மின்னல் மிகுந்த இடங்களில் நம் தீவும் ஒன்று.

முதுகுப்பை எவ்வளவு எடை இருக்க வேண்டும்? எதை எல்லாம் கட்டாயம் கொண்டு போக வேண்டும்?

மாரத்தான் தே சாப்லேயில், தண்ணீர் நீங்கலாக, குறைந்தது 6.5 கிலோவும் கூடியது 15 கிலோவும் என்று விதி இருக்கிறது. முதல் முறை செல்பவர்கள் 9 கிலோவுக்குள் அடக்க முயல வேண்டும். தொடக்கத்தில் தண்ணீரோடு சேர்ந்து அது 11 கிலோவாகிவிடும். ஸ்லீப்பிங் பேக், தலைவிளக்கும் மாற்று மின்கலமும், திசைகாட்டி, கத்தி, விசில், சமிக்ஞைக் கண்ணாடி, அவசரகாலப் போர்வை, கிருமிநாசினி, சூரியத் தடுப்புப் பசை போன்றவை கட்டாயப் பட்டியலில் வரும். அவற்றைத் தொடக்கத்திலேயே சோதிப்பார்கள், நடுவிலும் திடீரென்று கேட்பார்கள்; ஒன்று குறைந்தாலும் நேரத் தண்டனை உண்டு.

எடையைக் குறைக்கும் வேலையைப் பணத்தால் தொடங்காதீர்கள். விலையுயர்ந்த மெல்லிய பொருள்கள் சில நூறு கிராம்களை மிச்சப்படுத்தும் என்பது மெய். ஆனால் 'எதற்கும் இருக்கட்டும்' என்று வைத்த இரண்டாவது காற்சட்டையும் புத்தகமும் கூடுதல் மின்கலத் தொகுப்பும் அதைவிட அதிகம் எடை போடும். மாற்று உடையாக இரவுக்கு ஒரு மெல்லிய சட்டையும் இரண்டு இணை காலுறைகளும் போதும். ஏழு நாளும் ஒரே சட்டைதான். எல்லோரும் அப்படித்தான் இருப்பார்கள் என்பதால் யாரும் மூக்கைப் பொத்திக்கொள்வதில்லை.

நான் சைவம். அங்கே என்ன சாப்பிடுவது?

நம் சமையலறைக்கு இதில் உண்மையான அனுகூலம் இருக்கிறது. விதி கேட்பது நாளொன்றுக்குச் சராசரியாகக் குறைந்தது 2,000 கலோரி, ஏழு நாளுக்கு 14,000. ஒரு கிராமுக்கு 3.5 கலோரி தரும் உணவைக் கொண்டுபோனால் அது 4 கிலோ. 5 கலோரி தரும் உணவானால் 2.8 கிலோ. ஆக, உணவைத் தேர்ந்தெடுப்பதிலேயே ஒரு கிலோவுக்கு மேல் மிச்சம். கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 என்பதை வைத்துப் பார்த்தால் வேர்க்கடலை, முந்திரி, உலர்ந்த தேங்காய்த் துருவல், எள், நெய் ஆகியவை ஏன் சிறந்தவை என்று புரியும். பொரிவிளங்காய் உருண்டையும் கடலை உருண்டையும் வெயிலில் உருகும் சாக்லேட்டைவிட எவ்வளவோ மேல்.

காலைக்கு வறுத்த சத்துமாவைச் சர்க்கரையும் பால்பொடியும் கலந்து நாளுக்கொரு பொட்டலமாகக் கட்டிவிடலாம். மாலைக்கு அவல். அதைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்தாலே சாப்பிட முடியும் என்பதால் அடுப்பும் எரிபொருளும் தேவையில்லை. பருப்புப்பொடி, உலர்ந்த கறிவேப்பிலை, சிறிது நெய் கலந்து முன்கூட்டியே பொட்டலம் போட்டு வைத்தால், தண்ணீர் ஊற்றிப் பதினைந்து நிமிடத்தில் உணவு தயார். அடுப்பு வேண்டும் என்றால் திட எரிபொருள் வில்லைகளை விமானத்தில் கொண்டுபோக முடியாது என்பதை நினைவில் கொள்ளுங்கள், அவற்றைப் போய்ச் சேர்ந்த இடத்தில் வாங்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் உறைநிலையில் உலர்த்திய உணவுப் பொட்டலங்களிலும் சைவ வகைகள் உண்டு. விலை அதிகம், உப்புக்காரம் குறைவு.

மூன்றாம் நாளுக்குள் இனிப்பு எல்லோருக்கும் திகட்டிவிடும். அப்போது நொறுக்கிய முறுக்கும் ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாயும் தரும் உற்சாகத்தை எந்த ஆற்றல் பசையும் (எனர்ஜி ஜெல்) தராது. தேக்காவிலும் முஸ்தஃபாவிலும் ஒரு மணி நேரம் சுற்றினால் இவற்றில் முக்கால்வாசி கிடைத்துவிடும். ஓர் எச்சரிக்கை: சிலி நாட்டின் விமான நிலையத்தில் தாவரப் பொருள்களையும் பால், தேன் வகைகளையும் அறிவித்துக் காட்ட வேண்டும், தண்டனை கடுமையானது. அத்தகாமா செல்பவர்கள் வீட்டில் செய்த உருண்டைகளை நம்பாமல், முத்திரையிட்டு அடைத்த உணவையும் திட்டத்தில் வைத்திருக்க வேண்டும்.

என்ன செய்தாலும் பற்றாக்குறை இருக்கும். 65 கிலோ எடையுள்ளவர் 40 கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 2,600 கலோரி செலவழிப்பார், உடல் இயங்கத் தேவையான அடிப்படை ஆற்றல் அதற்கு மேல். ஏழு நாளில் எடை குறைந்து திரும்புவது இயல்பு.

தண்ணீர் போதுமா? உப்பு மாத்திரை தேவையா?

குடிநீர் ஒவ்வொரு செக்பாயிண்டிலும் முகாமிலும் தரப்படும். மொரோக்கோவில் முன்பு குப்பியிலும் மூடியிலும் ஓட்டக்காரரின் பந்தய எண்ணை எழுதிக் கொடுத்தார்கள். அதைப் பாலைவனத்தில் எறிந்தால் யாருடையது என்று தெரிந்துவிடும், தண்டனையும் இருந்தது. ஒதுக்கீட்டுக்கு மேல் கேட்டாலும் நேரத் தண்டனை கிடைத்தது. குளிப்பதற்கு நீர் இல்லை, ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதுதான்.

குறைவாகக் குடிப்பது ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். வெறும் நீரை அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம், வலிப்பு வரை போகும் என்பதைப் பலர் அறிவதில்லை. விரல்கள் வீங்கி மோதிரம் இறுகுவதும் எடை கூடுவதும் அதன் முன்னறிகுறிகள். தாகத்துக்கு ஏற்பச் சிறிது சிறிதாகக் குடிப்பதும், உணவில் உப்பைச் சேர்ப்பதும், உப்பு மாத்திரைகளைப் பயிற்சியின்போதே பழகி அளவறிந்துகொள்வதும் நல்லது.

காலில் கொப்புளம் வராமல் தடுக்க வழி உண்டா?

பந்தயத்தின் உண்மையான போர்க்களம் இதுதான். வெப்பமும் ஈரமும் உராய்வும் சேர்ந்தால் கொப்புளம். மணல் உள்ளே புகுந்தால் உராய்வு பெருகும். எனவே முதல் வேலை மணலை வெளியே நிறுத்துவது. கெய்ட்டர் என்னும் பாராசூட் துணி உறையை முழங்காலுக்குக் கீழ்வரை வைத்துக்கொள்வார்கள். அதன் ஒட்டுப்பட்டையைக் காலணியின் அடிவிளிம்பைச் சுற்றி ஒட்டுவதோடு விடாமல், காலணி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் தைத்துவிட வேண்டும். வெறும் பசை வெயிலில் இளகிவிடும். அங்காடிகளின் கீழ்த்தளத்திலும் பழைய கடைத்தெருக்களிலும் இந்த வேலையைச் செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தைத்த பிறகு ஈஸ்ட் கோஸ்ட் மணலில் இரண்டு மணி நேரம் நடந்து, காலணியைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்ப்பதே சோதனை.

காலணியை வழக்கத்தைவிட அரை அளவோ ஓர் அளவோ பெரிதாக வாங்குவது நல்லது, ஏனெனில் வெப்பத்தில் பாதம் வீங்கும். அதற்கும் மேல் பெரிதானால் பாதம் உள்ளே நழுவி, தடுக்க நினைத்த உராய்வையே உண்டாக்கும். விரல் விரலாகப் பிரிந்த காலுறைகள் பலருக்குப் பொருந்துகின்றன. எங்கே வழக்கமாகக் கொப்புளம் வருகிறதோ அந்த இடத்தில் ஒட்டுநாடாவை ஓடுவதற்கு முன்பே சுருக்கமில்லாமல் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

ஓடும்போது ஓரிடத்தில் சூடாக, கூசுவதுபோல் தோன்றினால் அப்போதே நின்றுவிடுங்கள். செலவாகும் ஐந்து நிமிடம் நான்கு நாளைக் காப்பாற்றும். கொப்புளம் வந்துவிட்டால், கிருமிநீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல்தோலை உரிக்காமல் கிருமிநாசினி தடவி, உலரவிட்டு மூடவேண்டும். தீமிதியில் பூக்குழியைக் கடந்த நம் ஊர்ப் பாதங்களுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று வேடிக்கையாகச் சொல்பவர்கள் உண்டு. அது சில நொடி. இது ஏழு நாள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாதப் புண் விஷயத்தில் மருத்துவரிடம் கேட்காமல் இந்தப் பந்தயத்தில் இறங்கவே கூடாது.

வலி தாங்கவில்லை என்றால் ஐபுப்ரோஃபென் போடலாமா?

தவிர்ப்பது நல்லது. இதே வகைப் பல நாள் பந்தயங்களில் ஓடியவர்களிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வு ஒன்றில், 80 கிலோமீட்டர் கட்டத்தில் ஐபுப்ரோஃபென் எடுத்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்குத் தற்காலிகச் சிறுநீரகப் பாதிப்பு காணப்பட்டது. மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது மூன்றில் ஒரு பங்கு. ஆய்வு நடந்த பந்தயங்களில் ஒன்று இலங்கையில் நடந்தது. நீரிழப்பில் இருக்கும் சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டத்தை இந்த வகை மருந்து மேலும் குறைக்கிறது என்பதே காரணம். வலி மிகுந்தால் முகாம் மருத்துவரிடம் கேட்டு, அவர் தருவதை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனால் அதற்குப் பிறகு ஓர் அடியும் ஓடக்கூடாது.

இரவில் தூங்க முடியுமா?

முடியும், ஓரளவுக்கு. பல பந்தயங்களில் எட்டுப் பேர் அளவுக்கு ஒரு கூடாரம், தரையில் விரிப்பு மட்டும். பகலில் கொதித்த பாலைவனம் இரவில் விரைவாகக் குளிர்ந்துவிடுகிறது, கோபியிலும் அத்தகாமாவிலும் 5 டிகிரிக்குக் கீழேகூட இறங்கும். இருபதுக்குக் கீழே இறங்கினாலே செய்தியாகிவிடும் ஊரிலிருந்து போகிறவர்கள் பகலுக்கு மட்டும் தயாராகிவிட்டு, எடையை மிச்சம் பிடிப்பதாக மெல்லிய ஸ்லீப்பிங் பேக்கோடு போய் இரவெல்லாம் நடுங்குகிறார்கள். தூக்கம் கெட்டால் மறுநாள் எல்லாம் கெடும். வேறெங்கு எடை குறைத்தாலும் இதில் குறைக்க வேண்டாம். காதடைப்பானும் வேண்டும், எட்டுப் பேரில் குறட்டை விடுபவர் ஒருவராவது இருப்பார்.

வழி தவறிவிட்டால் என்ன செய்வது?

1994-இல் மாரத்தான் தே சாப்லேயில் ஓடிய இத்தாலியைச் சேர்ந்த மௌரோ ப்ரோஸ்பெரி மணற்புயலில் சிக்கி, புயல் நின்ற பிறகும் வழியைத் தேடி ஓடிக்கொண்டே இருந்ததால் பாதையை முற்றிலும் இழந்தார். சிறுநீரையும் வௌவால்களின் இரத்தத்தையும் குடித்து உயிர் தப்பி, ஏறத்தாழ பத்து நாள்களுக்குப் பிறகு எல்லை தாண்டி அல்ஜீரியாவில் மீட்கப்பட்டார். இன்று பாதையில் குறிகள் உண்டு, ஒவ்வொருவரின் இருப்பிடத்தையும் காட்டும் கருவியும் அவசர அழைப்புப் பொத்தானும் உண்டு. இருந்தாலும் விதி பழையதுதான்: புயல் வந்து அடுத்த குறி தெரியவில்லை என்றால் நின்ற இடத்திலேயே முதுகைக் காற்றுக்குக் காட்டி, மூக்கையும் வாயையும் துணியால் மூடி உட்கார்ந்துவிட வேண்டும். கூடுமானவரை இருவர் மூவராகச் செல்லுங்கள், இரவில் கட்டாயமாக.

பெண்கள் தனியாகப் போய்ப் பங்கேற்கலாமா? கழிப்பிட வசதி எப்படி?

பங்கேற்கலாம், ஆண்டுதோறும் பங்கேற்கிறார்கள். முகாமில் மறைப்புக் கட்டிய எளிய கழிப்பிடம் இருக்கும். பாதையில் எதுவும் இருக்காது, பாறைக்குப் பின்னால்தான். மாதவிடாய்க் காலம் வரக்கூடும் என்றால், பயன்படுத்தியதைத் திரும்பச் சுமந்து வர மூடியுள்ள பை வைத்துக்கொள்ள வேண்டும். மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையைப் பந்தயத்தின்போது முதன்முறையாக முயலாமல், சில மாதங்களுக்கு முன்பே மருத்துவரிடம் பேசுவது நல்லது.

மருத்துவச் சான்றிதழும் காப்புறுதியும்?

மாரத்தான் தே சாப்லே மருத்துவச் சான்றிதழோடு இசிஜி பதிவையும் கேட்கிறது. கேட்காத பந்தயத்துக்கும் அதை எடுத்துவிடுங்கள். 40 வயதைத் தாண்டியவர்களும், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ளவர்களும் இதய மருத்துவரிடம் ஓட்டப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்; நம் சமூகத்தில் இதய நோயும் சர்க்கரை நோயும் மிகுதி என்பதை மறைத்துப் பயனில்லை. 2021 அக்டோபரில் நடந்த மாரத்தான் தே சாப்லேயில் கடும் வெப்பமும் முகாமில் பரவிய வயிற்று நோயும் சேர்ந்து ஏறத்தாழ பாதிப்பேரை விலக வைத்தன, ஒருவர் மாரடைப்பால் இறந்தார். கையைச் சுத்தப்படுத்தும் திரவத்தை எடைக் கணக்கில் விட்டுவிடாதீர்கள் என்று அனுபவசாலிகள் வலியுறுத்துவது இதனால்தான்.

வழக்கமான பயணக் காப்புறுதித் திட்டங்கள் பலவற்றில் பந்தயங்கள் விலக்கப்பட்டிருக்கும். வாங்குமுன் விதிமுறைகளில் அந்தப் பகுதியைப் படித்து, அல்ட்ரா மாரத்தானும் தொலைதூர இடத்திலிருந்து மீட்டு வரும் செலவும் அடங்குமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

செலவு எவ்வளவு? விடுப்பு எத்தனை நாள்?

பதிவுக் கட்டணம் மட்டுமே பல ஆயிரம் வெள்ளி. விமானச் சீட்டு, உபகரணம், காப்புறுதி எல்லாம் சேர்ந்தால் மற்றொரு கட்டணம் அளவுக்கு வந்துவிடும். பந்தயம் ஏழு நாளானாலும் பயணமும் முன்பின் நாள்களும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு நாள் போய்விடும். சட்டப்படி முதலாண்டு ஊழியருக்குக் குறைந்தது 7 நாளும் எட்டாம் ஆண்டிலிருந்து 14 நாளும்தான் ஆண்டு விடுப்பு என்பதால், அந்த ஆண்டின் தீபாவளிப் பயணம் இதற்குள் கரைந்துவிடும் என்பதை வீட்டில் முதலிலேயே பேசிவிடுவது நியாயம். உபகரணத்தில் முதுகுப்பை, காலணி, ஸ்லீப்பிங் பேக் மூன்றுக்கும் நல்ல விலை கொடுங்கள். மற்றவற்றை முன்பு சென்றவர்களிடம் இரவல் கேட்கலாம்.

அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

தூரத்தைச் சொல்லித் தொடங்காதீர்கள். இருப்பிடம் காட்டும் கருவி, மருத்துவக் குழு, செக்பாயிண்டுகள் ஆகியவற்றைப் பற்றிச் சொல்லுங்கள். உங்கள் எண்ணை வைத்து அவரே கைபேசியில் உங்களைப் பின்தொடரலாம் என்று காட்டுங்கள். புள்ளி ஒரே இடத்தில் நின்றால் நீங்கள் சாப்பிடுகிறீர்கள் அல்லது காலுக்கு ஒட்டுநாடா போடுகிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். பிறகு பொரிவிளங்காய் உருண்டை பிடிக்கும் பொறுப்பை அவரிடமே விடுங்கள். ஆனால் இசிஜி முடிவில் சிக்கல் இருந்து அதை மறைத்துப் போவதாக இருந்தால், அம்மா மறுப்பதே சரி.

பாதியில் விலக நேர்ந்தால் என்ன ஆகும்?

அருகிலுள்ள செக்பாயிண்டில் சொன்னால் வாகனத்தில் முகாமுக்கு அழைத்துச் செல்வார்கள். அதன்பின் முகாமோடு பயணிக்க விடுவதா, ஊருக்கு அனுப்புவதா என்பது பந்தயத்துக்குப் பந்தயம் மாறும். தனியாக ஊருக்குத் திரும்பும் செலவு பெரும்பாலும் உங்களுடையதே. சிறுநீர் நிறம் மாறியது, நினைவு தடுமாறுகிறது, வெயிலில் இருந்தும் உடல் குளிர்கிறது, இறங்கியதை வயிறு தங்கவிடுவதில்லை என்ற நான்கில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போய்விடுங்கள். பாதத்தில் வலி மட்டும்தான் என்றால் அடுத்த செக்பாயிண்ட் வரை நடந்து, தண்ணீர் குடித்து, ஏதாவது உப்பாகச் சாப்பிட்டு, அரை மணி நேரம் கழித்து முடிவெடுங்கள். உட்கார்ந்த உடனே எடுக்கும் முடிவும் நள்ளிரவில் எடுக்கும் முடிவும் பெரும்பாலும் பசி எடுக்கும் முடிவுகள்.

முடித்துவிட்டுத் திரும்பிய மறுநாளே வேலைக்குப் போகலாமா?

உட்கார்ந்து செய்யும் வேலையானால் இரண்டு நாள் இடைவெளி விட்டுப் போகலாம். பாதமும் கணுக்காலும் விமானத்திலேயே இன்னும் வீங்கும் என்பதால் திரும்பும் பயணத்துக்குச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள், அலுவலகத்துக்கும் சில நாள் அகலமான காலணிதான். வீக்கம் ஒரு காலில் மட்டும் இருந்து கெண்டைக்கால் வலித்தால் அது நெடும்பயணத்தால் வந்த இரத்தக் கட்டாக இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். புண்கள் ஆறும்வரை நீச்சல் குளத்தைத் தவிர்க்கவும். ஓட்டத்தை மூன்று நான்கு வாரங்களுக்கு மறந்துவிட்டு, மாலையில் பூங்கா இணைப்புப் பாதையில் மெதுவாக நடந்தாலே போதும்.